ஓடும் கார் நடுவழியில் ஆஃப் ஆனால்: பார்ட்ஸ் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று ஆஃப் ஆகிறது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விட்டாலும் நிற்க மாட்டேன் என்கிறது. கார் கோளாறுகளில் அதிகம் காசைக் கரைப்பது இதுதான். ஒருவர் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவார், அடுத்தவர் பேட்டரி என்பார், மூன்றாமவர் பிளக், காயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு "இனி வராது" என்பார், வண்டி அடுத்த வாரம் பழைய இடத்திலேயே நிற்கும். தமிழக-கேரள எல்லை மலைப்பாதையில், செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகத் தென்மலை, புனலூர் என்று ஓட்டுகிற நம் பக்கத்து ஆட்களுக்கு இது இரட்டை வம்பு. வளைவில் வண்டி நின்றால் பின்னால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரி வந்து நிற்கும், அவனும் ஏற முடியாது, நீங்களும் நகர முடியாது.

வண்டி நின்ற அந்தப் பத்து நொடியில் நடந்ததைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால், தேட வேண்டிய இடம் முக்கால்வாசி குறைந்துவிடும். நல்ல மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன் கேள்விதான் கேட்பார். கேட்காமல் ஸ்பேனரை எடுக்கிறவரிடம் வண்டியை விட எனக்கு மனசு வராது.

முதலில் உயிர், அப்புறம் வண்டி

இன்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கனத்துவிடும். பதற வேண்டாம், திரும்பும், இரண்டு கையும் சேர்த்துப் பலம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டருக்குள் மிச்சமிருக்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அதை விட்டு விட்டு மிதித்து வீணாக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். அது தீர்ந்த பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் உடம்பு எடை முழுவதையும் காலில் போட வேண்டியிருக்கும். சாவியை முழுக்கத் திருப்பி உருவிவிடக் கூடாது, ஸ்டீயரிங் லாக் விழுந்தால் வண்டி போகிற போக்கில்தான் போகும்.

கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்கும்போது நின்றால் கியரிலேயே இருங்கள், கிளட்சை மிதித்து நியூட்ரல் ஆக்காதீர்கள். கியரில் இருக்கும்வரை இன்ஜின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மேனுவல் வண்டியாக இருந்து, சாவி ஆனில் இருந்தால், பல நேரம் அந்த இறக்கத்திலேயே தானாகத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக், முதல் கியர், ஹசார்டு லைட், உடனே சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். (வண்டி கிளம்பியதும் அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். மலைப்பாதை முழுக்க யாரோ வைத்து மறந்த கற்கள்தான், இரவில் பைக்காரன் விழுகிறான்.) முக்கோண ரிஃப்ளெக்டரை வண்டிக்குப் பின்னாலேயே வைத்துப் பயனில்லை, வளைவுக்கு முன்னால், வருகிறவனுக்கு வளைவு தொடங்கும்போதே தெரிகிற இடத்தில் வையுங்கள். உள்ளே இருப்பவர்களை இறக்கி மலைச்சுவர் பக்கமாக, வண்டிக்கு முன்னால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், பின்னால் வேண்டாம். ஆபத்தான இடம் என்றால் 112-ஐ அழைக்கலாம், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

எப்படி நின்றது?

மூன்று விதமாகத்தான் நிற்கும்.

ஒன்று, சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே வெட்டாக நிற்பது. முன்னறிவிப்பு இல்லை, ஜெர்க் இல்லை. இது பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது. கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது), மெயின் ரிலே, பம்ப் ரிலே (ரிலே என்பது கரண்ட்டைத் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி), இக்னிஷன் சுவிட்ச், லூசான டெர்மினல், எலி கடித்த வயர், இப்படி ஏதாவது ஒன்று.

இரண்டாவது, முக்கி முனகி, இரண்டு மூன்று முறை குலுங்கி, ஆக்ஸிலேட்டர் மிதித்தும் பிக்கப் வராமல் அடங்கி நிற்பது. இதில் பெட்ரோலோ டீசலோ போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்திருந்தாலும் ஏற்றத்தில் இப்படித்தான் மூச்சுத் திணறும்.

மூன்றாவது, ஓடும்போது ஒரு குறையும் இல்லை, ஸ்பீடு பிரேக்கருக்காகவோ செக்போஸ்ட் வரிசையிலோ கிளட்ச் மிதித்ததும் ஆர்பிஎம் சரிந்து நின்றுவிடுவது. ஏசி போட்டிருந்தால் இன்னும் சுலபமாக நிற்கும். இது காற்றுப் பாதை விவகாரம். இன்ஜினுக்குப் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற த்ராட்டில் பாடியில் கரி, எங்கோ வேக்குவம் லீக், டீசலில் புகையைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கொள்வது.

அடுத்ததாக டாக்கோமீட்டர், அதாவது ஆர்பிஎம் முள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றால், சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்? அப்படியானால் முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டும். வண்டி இன்னும் நாற்பதில் போகிறது, முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்துவிட்டது என்றால் கிராங்க் சென்சார் சிக்னல் போயிருக்கலாம், அல்லது மொத்த கரண்ட்டே போயிருக்கலாம். டேஷ்போர்டு லைட்டுகளும் அதே நேரத்தில் அணைந்தனவா என்று பாருங்கள். லைட் எரிகிறது, முள் மட்டும் விழுந்தது என்றால் சென்சார் பக்கம் போகலாம். எல்லாமே அணைந்து ரேடியோவும் நின்றது என்றால் பேட்டரி டெர்மினல், எர்த் வயர், இக்னிஷன் சுவிட்ச் பக்கம்.

திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் மனசில் வையுங்கள். உடனே பிடித்தால் ஒரு கதை, அரை மணி நேரம் ஆறிய பிறகுதான் பிடித்தது என்றால் வேறு கதை.

எரிபொருள் பக்கம்

நம் எல்லையில் மட்டும் அடிக்கடி பார்க்கிற ஒரு காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் பெட்ரோல் விலை நம்மைவிடக் கூடுதல். அதனால் கொல்லம், புனலூர் போய்த் திரும்புகிறவர்கள் எல்லாரும் "புளியரை போய்ப் போட்டுக்கலாம்" என்று ரிசர்வ் லைட் எரிய எரிய வருவார்கள். தென்மலையிலிருந்து ஏறி, ஆரியங்காவு தாண்டி செங்குத்தாக இறங்கி, கொண்டை வளைவில் வண்டி சாயும்போது டேங்கின் அடியில் கிடக்கிற இரண்டு மூன்று லிட்டர் ஒரு மூலைக்கு ஓடிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், வண்டி வளைவில் குலுங்கி நிற்கும். சமதளத்துக்குத் தள்ளிவந்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஊருக்கு வந்து டேங்க் நிரப்பிய பிறகு கோளாறே காணாது, ஆனால் மெக்கானிக் பில் மட்டும் வந்திருக்கும். லிட்டருக்கு மிச்சம் பிடிக்கிற சில ரூபாய்க்காக இந்த ரிஸ்க் எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. அதிலும் பெட்ரோலுக்குள் மூழ்கியிருந்துதான் அந்த பம்ப் குளிர வேண்டும், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடேறிச் சீக்கிரம் போகும். மலை ஏறுகிறீர்கள் என்றால் கால் டேங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க்கில் பெட்ரோல் இருந்தும் நின்றது என்றால் பம்ப் சத்தத்தைக் கேளுங்கள். கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்து, சாவியை ஆனுக்குத் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடிக்கு ஒரு "ம்ம்ம்" சத்தம் வந்து அடங்கும். வரவில்லையா? ஃபியூஸ் பெட்டியில் பம்ப் ரிலே இருக்கும், மூடியின் உள்பக்கம் படம் போட்டிருப்பான். அதே எண் போட்ட ஹாரன் ரிலேயைக் கழற்றி அங்கே மாட்டிப் பாருங்கள். பம்ப் பேசினால் சில நூறு ரூபாய் ரிலேயோடு விஷயம் முடிந்தது. பேசவில்லை என்றால் பின் சீட்டைத் தூக்கி அடியில் கையால் இரண்டு தட்டுத் தட்டும்போது ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். தட்டினால் ஓடுகிற பம்ப் வீடுவரைக்கும் வரலாம், மறுநாள் மாற்றியே ஆக வேண்டும். சில பழைய ஃபோர்டு, ஃபியட் கார்களில் மோதினால் பெட்ரோலை நிறுத்துகிற ஒரு சுவிட்ச் இருக்கும், பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் அது தட்டிக்கொள்ளும், மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் போதும்.

பம்ப் ஓடுகிறது, ஆனால் அழுத்தம் போதவில்லை என்பதும் உண்டு. பட்டறையில் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 முதல் 4 பார் இருக்கும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதை மேனுவலில் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். கேஜ் வைத்துப் பார்க்காமல் "பம்ப் போயிருச்சு" என்று சொல்கிறவரிடம் பம்ப் மாற்றாதீர்கள்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது உள்ளே காற்றை இழுக்கிற மாதிரி பலமாக "ஸ்ஸ்" என்று சத்தம் வந்து, திறந்து மூடியதும் வண்டி நன்றாக ஓடினால், டேங்க்குக்குக் காற்றுப் போகிற வழி அடைத்திருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

மழைக்காலத்தில் தண்ணீர் கலந்த பெட்ரோல் இன்னொரு தொல்லை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே வண்டி மிஸ் அடித்து நின்றதென்றால், டேங்க்கிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு போட்ட மாதிரி வேறு ஒரு படலம் தெரிந்தால் ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பார்க்காமல் டேங்க்கைக் காலி செய்ய வேண்டியதுதான். பங்க் பில்லை எறிந்துவிடாதீர்கள்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

மத்தியான வெயிலில், தென்காசி டவுன் நெரிசலில் ஊர்ந்து, செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏறும்போது வெட்டென்று நிற்கிற வண்டி. அரை மணி நேரம் மர நிழலில் போட்டால் ஒரே செல்ஃபில் பிடிக்கும். காலையில் போனால் நிற்கவே நிற்காது. இதைக் கேட்டதும் அனுபவமுள்ள மெக்கானிக் கிராங்க் சென்சார் என்றுதான் முதலில் சொல்வார், பத்தில் பல தடவை சரியாகவும் இருக்கும். சென்சாருக்குள் இருக்கிற நுண்ணிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். சென்சார் சிக்னல் இல்லை என்றால் இன்ஜின் சுற்றுகிறதா இல்லையா என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும்.

என் மைத்துனரின் ஹாட்ச்பேக் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. பம்ப் மாற்றியாயிற்று, பேட்டரி மாற்றியாயிற்று. கடைசியில் செங்கோட்டையில் ஒரு சின்னப் பட்டறை அண்ணாச்சி, வண்டியை ஏற்றம் ஏற்றி அது நிற்கும்வரை ஓட்டச் சொல்லி, பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தார். நின்றதும் இறங்கிப் போய் பானட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் சேர்கிற இடத்தில் கையை நுழைத்து, நனைத்த துணியைச் சென்சார் மேல் சுற்றிப் பிடித்தார். சில நிமிஷத்தில் "அடிங்க" என்றார், பிடித்துக்கொண்டது. அதே துணியை எடுத்துவிட்டு ஐடிலிங்கில் விட்டதும் கொஞ்ச நேரத்தில் திரும்ப நின்றது. ஸ்கேனரில் எரர் கோடு (கோளாறைச் சொல்லும் எண்) எதுவுமே காட்டாத வண்டி அது. சென்சார் மாற்றியதோடு தீர்ந்தது.

நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால், சூடான இன்ஜினில் கையை விடும்போது ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று ஓடும் என்பதை மறக்காதீர்கள், சாவியை ஆஃப் செய்துவிட்டே கையை விடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு பின் சென்சார்களில் ஓம் பார்க்கலாம். ஆறியபோது சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டிவிட்டு, சூட்டில் எல்லையில்லாமல் போனால் சென்சார் அவுட். மூன்று பின் சென்சாரை ஓம் பார்த்து முடிவு சொல்ல முடியாது. மீட்டர் இல்லையா, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் லேசாகத் துள்ளுகிறதா என்று பாருங்கள். செத்த முள் என்றால் பல வண்டிகளில் அதுவே போதுமான சாட்சி.

சூட்டில் போகிற வேறு இரண்டு சாமான்கள் இக்னிஷன் காயிலும் பெட்ரோல் பம்ப்பும். காயில் என்றால் நிற்கும் முன் மிஸ் அடித்து உலுக்கும், பம்ப் என்றால் பிக்கப் செத்து நிற்கும். வெட்டு மாதிரி நிற்பதில்லை. டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய் வண்டி நின்றிருந்தால் இது எதுவுமில்லை, கூலன்ட் விவகாரம், ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

கரண்ட், எர்த், எலி

பேட்டரி டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, தேய்த்து, காய்ந்த பிறகு இறுக்குங்கள். வோல்ட் மீட்டரில் நிறுத்தி ஆறிய பேட்டரி 12.6 பக்கம் காட்ட வேண்டும், வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. ஓடும்போது 13-க்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை (சில புது கார்களில் ஆல்டர்னேட்டரே தானாகக் குறைத்துக்கொள்ளும், ஹெட்லைட், ஏசி போட்டு அப்புறம் பாருங்கள்). மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் மேல் பளிச்சென்ற இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் வயர் மோசம்.

சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் தொங்கப் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்துபோவது சகஜம். வண்டியை நிறுத்தி, ஐடிலிங்கில் சாவியை லேசாக ஆட்டுங்கள். இன்ஜின் தயங்கினாலோ டேஷ்போர்டு சிமிட்டினாலோ கோளாறு கையில் சிக்கியது.

தோட்டத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியை மறக்க வேண்டாம். இன்ஜின் மேல் வைக்கோல் துணுக்கு, தேங்காய் நார், புழுக்கை கிடந்தால் டார்ச் அடித்து வயர் கட்டு முழுவதையும் பாருங்கள். பாதி கடித்த வயர் வெயிலில் ஓடும், குற்றாலச் சாரலில் நனைந்தால் நிற்கும். பழைய வண்டிகளில் பிளக் வயர் வெடித்திருந்தாலும் சாரல் நாளில்தான் மிஸ் அடிக்கும். இரவில் இருட்டான இடத்தில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர்த் தூறல் அடித்தால் நீல நிறத்தில் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். தள்ளி நின்று பாருங்கள், கை வைத்தால் ஆயிரக்கணக்கான வோல்ட்.

டேஷ்போர்டில் சாவிப் படம் சிமிட்டுகிறதென்றால் இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினைப் பூட்டிவிடுகிற திருட்டுத் தடுப்பு. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள், வேறு எதையும் கழற்றாதீர்கள்.

கிளட்ச் மிதித்தால் நிற்பது

பெட்ரோல் காரில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்குங்கள், முக்கால்வாசி அதிலேயே முடியும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றினால் உள்ளே வட்டத் தகடு தெரியும், ஓரத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும். அதற்கென்றே த்ராட்டில் கிளீனர் விற்கிறான், துணியில் அடித்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளக் கூடாது, பல் சக்கரம் போய்விடும். சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் தாறுமாறாக இருந்தால் ஸ்கேனரில் ரீசெட் தேவைப்படலாம். ஆர்பிஎம் பொதுவாக 700 முதல் 850 வரை நிலையாக நிற்க வேண்டும். உள்ளே போகிற காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதற்கான ஸ்பிரே மட்டும், துணி, பஞ்சு எதுவும் படக் கூடாது.

இன்னும் நின்றால் இன்ஜின் ஓடும்போது காதைக் கொடுத்து "ஸ்ஸ்" சத்தம் தேடுங்கள், வெடித்த வேக்குவம் குழாய் கையில் கிடைக்கும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு

ஃபில்டர் மாற்றிய பிறகு நிற்கத் தொடங்கியதென்றால் ஏர் எடுக்கிறது, அதாவது டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுகிறது. ஃபில்டருக்கு வருகிற குழாய் கண்ணாடி மாதிரி இருந்தால் குமிழி ஓடுவது தெரியும். கிளாம்ப்பை இறுக்கி, ஹேண்ட் பம்ப்பை அமுக்கி ஏரை வெளியேற்றுங்கள். ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு இருக்கும், மழைக்காலத்தில் திறந்து விடுங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நிற்கிற காமன் ரெயில் டீசலில் ஹை பிரஷர் பம்ப்பின் கன்ட்ரோல் வால்வைச் சந்தேகப்படலாம். அந்த உயர் அழுத்தக் குழாயை மட்டும் இன்ஜின் ஓடும்போது தளர்த்தவே கூடாது, ஆயிரம் பாருக்கு மேல் போகும், பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஸ்கேனர்

கடந்த பத்து வருஷத்து வண்டி என்றால் ஸ்டீயரிங் அடியில் எரர் கோடைப் படிக்கிற ஓபிடி சாக்கெட் இருக்கும். மொபைலோடு சேர்கிற ப்ளூடூத் அடாப்டர் அதிக விலை இல்லை, மலைப்பாதைக்காரர்கள் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவைக்கலாம். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று, பி0340 கேம் சென்சார், பி0171 காற்று அதிகம் பெட்ரோல் குறைவு, பி0505 ஐடிலிங் கட்டுப்பாடு, பி0087 எரிபொருள் அழுத்தம் குறைவு. கோடு வந்ததும் அந்தச் சென்சாரை வாங்க ஓடாதீர்கள். வயர் அறுந்தாலும் அதே கோடுதான் வரும். கோடு விழுந்த நேரத்து ஆர்பிஎம், இன்ஜின் சூடு ஆகியவற்றையும் சேர்த்து வைத்திருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் பார்க்கும்வரை கோடை அழிக்க வேண்டாம், பேட்டரியைக் கழற்றினாலும் அழிந்துவிடும்.

இரண்டு நேரங்களில் மட்டும் திரும்ப செல்ஃப் அடிக்கவே கூடாது. தேங்கிய தண்ணீருக்குள் போய் நின்றால் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம், சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, தடையே இல்லாமல் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இரண்டுக்கும் டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும். இன்ஷூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொல்லத்திலிருந்து வர வேண்டிய வண்டியும் தென்காசியிலிருந்து வர வேண்டிய வண்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது பட்டறை வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். எந்த வெயிலில், எந்த ஏற்றத்தில், எந்த கியரில் நின்றதோ அங்கேயே மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஏசி போட்டு ஏறிப் பாருங்கள். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். புதியது டூப்ளிகேட்டாக இருந்து சீக்கிரமே காலை வாரினால், பழையது ஆறிய நிலையிலாவது வண்டியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும்.